எங்கள் வீட்டுக் கூழ்ப்பானை

என் தகப்பனார் ஒரு புண்ணியவான் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியவந்தது அவர் செத்த பதினாறாம் நாள். அதற்கு முந்தைய இருபத்துச் சொச்சம் வருஷம் அத்தனை பேருக்கும் கண் அவிந்திருந்தது போலிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. "வயசாச்சு, இன்னும் இன்னாத்துக்கும்மா ஆத்திரப்படறே?" என்று என் பெண்கள் கேட்கிறார்கள். ஆத்திரமாக இருந்தால் இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும். இது அருவருப்பு. அந்த மனுஷர்கள் மேல், அப்புறம் கொஞ்சம் என் மேலும்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த தெரு எங்களுடையது. எல்லாரும் ஒரே ஜனம், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவதுதான் தலைமுறை தலைமுறையாகத் தொழில். துறைமுகத்துக்குக் கருங்கல் சுவர் எழும்பி, கப்பல்கள் கரையோரமே வந்து நிற்க ஆரம்பித்ததும் படகுகளுக்கு வேலை போயிற்று. சிலர் வலையைத் தூக்கிக்கொண்டு மீனுக்குப் போனார்கள். சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். என் நைனா, நாங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சாக்கடைத் தண்ணீரை இறைக்கும் பம்பு ஸ்டேஷனில் சேர்ந்தார். அப்போது நான் மூன்று மாதக் குழந்தை. வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகியிருந்ததாம். மாசம் தவறாமல் சம்பளம் வருமா என்று மட்டும் கேட்டாராம். வரும் என்றார்கள். போய் நின்றுவிட்டார்.

வேலை என்னவென்று சொல்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் அப்போதுதான் தெருவுக்குத் தெரு பூமிக்கடியில் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீட்டுக் கழிவும் அந்தக் குழாயில் ஓடி, பம்பு ஸ்டேஷனில் ஒரு பெரிய செங்கல் கிணற்றில் வந்து விழும். அங்கிருந்து எஞ்சின் அதை இழுத்து ஊருக்கு வெளியே தள்ளும். ஆனால் கழிவோடு கந்தல், தேங்காய் நார், பெண்களின் தலைமயிர்ச் சுருள், செத்த பூனைக்குட்டி எல்லாம் வரும். அவை எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும். அதனால் கிணற்றின் வாயில் குறுக்கே இரும்புக் கம்பிகளை நட்டு வைத்திருந்தார்கள். கம்பியில் சிக்குவதை நீண்ட பிடி போட்ட இரும்பு வாரியால் வாரி மேலே போட வேண்டும். நாளெல்லாம் வார வேண்டும். ஒரு நாழிகை விட்டால் கம்பி அடைத்துக் கிணறு பொங்கும். அதுதான் என் நைனாவுக்கு வேலை. இருபத்துச் சொச்சம் வருஷம் ராயபுரத்து ஜனங்கள் மலத்தை மறந்து சுகமாக இருந்தார்கள் என்றால், அவர் ஒருத்தர் அதை மறக்காமல் வாரிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து நேரே வீட்டுக்குள் வரமாட்டார். பம்பு ஸ்டேஷனிலேயே ஒரு குளியல், எங்கள் கொல்லையில் இன்னொரு குளியல். கார்பாலிக் சோப்பு போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, கடைசியில் எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வார். அப்புறம் விரலை மோந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் எங்களைத் தொடுவார். எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான், என் அம்மாவுக்குப் பின்னலே கோணலாக வரும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அம்மா மேல் ஒருநாள் கை நீட்டினது கிடையாது. தெருவில் இதெல்லாம் இருந்த ஆம்பிளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். இவர் ஓரமாக நடந்தார்.

ஒதுக்கினது வேற்று மனுஷர்களாக இருந்தாலாவது போகட்டும் என்று விட்டுவிடலாம். சொந்தச் சித்தப்பன் வீட்டில் கல்யாணம், நைனாவுக்குப் பந்தி கிடையாது. இலையில் கட்டிக் கொல்லைப்பக்கமாகக் கொடுத்தனுப்புவார்கள். அவர் தொட்ட குடத்துத் தண்ணீரை எதிர்வீட்டுக்காரி எங்கள் கண் முன்னாலேயே கவிழ்ப்பாள். அதே எதிர்வீட்டுக்காரி ஒருநாள் மூக்குத்தியைச் சாக்கடையில் விட்டுவிட்டு, "அண்ணே, அண்ணே" என்று ஓடி வந்தாள். நைனா இரண்டு நாள் கம்பியில் சிக்கினதையெல்லாம் கையாலேயே துழாவிக் கண்டுபிடித்து, கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். மலத்தில் கிடந்த மூக்குத்தி மூக்குக்கு ஏறியது. எடுத்துக்கொடுத்த மனுஷன் வாசற்படி ஏறக்கூடாது. த்தூ! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு வருஷம் வாந்திபேதி வந்தது. தெருவில் வரிசையாக விழுந்தார்கள். பிணத்தைத் தொடப் பெற்ற பிள்ளைகளே பயந்து நின்றபோது நைனாதான் தூக்கினார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியதனக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். நல்ல உயரம், விபூதிப் பட்டை, கணீரென்ற குரல். அவருடைய தாயார் போனபோது பாடையின் தலைமாட்டைத் தோளில் தாங்கினது என் நைனா. காரியம் முடிந்ததும் அந்த வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாந்திபேதிக்காகத்தான் கழுவினோம் என்று சொன்னார்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

இத்தனையும் அம்மாவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஏனென்றால் வருஷத்தில் ஒரே ஒரு நாள் தெரு எங்களையும் சேர்த்துக்கொண்டது, அல்லது சேர்த்துக்கொண்டதாக அவள் நம்பினாள்.

அது ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். எங்கள் தெருவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு பானை கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, பானைக்கு மஞ்சள் பூசி, வாயை மஞ்சளில் நனைத்த துணியால் மூடி, வேப்பிலை செருகி, பெண்கள் தலையில் சுமந்து போவார்கள். கோயில் வாசலில் பெரிய பித்தளை அண்டா இருக்கும். அத்தனை வீட்டுக் கூழையும் அதில் ஊற்றிக் கலந்து, படையல் போட்டு, அப்புறம் எல்லாருக்கும் வார்ப்பார்கள். எந்த வீட்டுக் கூழ் யார் வயிற்றுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க ஒரே வீடு என்று அர்த்தம்.

அம்மா அதற்காகப் பத்து நாள் விரதம் இருப்பாள். கேழ்வரகைத் தானே கல் பொறுக்கி, தானே அரைத்து, இரண்டு நாள் புளிக்க வைப்பாள். எங்கள் பானையை மட்டும் அவளே அண்டாவில் ஊற்ற விடமாட்டார்கள். பெரியதனக்காரர் வாசலிலேயே எதிரே வந்து, "கும்பலா கீதும்மா, குடு, நாங்க ஊத்திக்கிறோம்" என்று பானையைக் கையில் வாங்கிக்கொள்வார். அம்மாவுக்கு அதில் பெருமை தாங்காது. "மத்தவள்களெல்லாம் வரிசையில நிக்கறாளுங்கோ, நம்ம பானைய மட்டும் பெரியதனக்காரரு கையால வாங்கிக்கிறாரு பாத்தியா?" என்பாள். சாயங்காலம் காலிப் பானை வீட்டுக்கு வரும். துணி வராது. துணி எங்கே என்று அம்மா கேட்டால் நைனா சொல்வார்: "வேப்பமரத்துல கட்டிட்டாங்க புள்ளே. அம்மனுக்கு வேணுமாம்." கோயில் வேப்பமரத்தில் நூறு மஞ்சள் துணி தொங்கும். அம்மா அந்த மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அம்மா அவரைத் திட்டித் தீர்ப்பாள். கூழ் ஊற்றும் நாளில் அவர் ஒரு வருஷம்கூட லீவு எடுத்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் முறையை மாற்றிக்கொள்கிறோம் என்றாலும் கேட்கமாட்டார். அன்றைக்குக் கம்பியண்டை அவர்தான் நிற்க வேண்டும் என்று மற்றவர் முறையையும் கேட்டு வாங்கி நிற்பார்.

எனக்குப் பதினேழு வயதில் திருவொற்றியூரில் கல்யாணம் ஆயிற்று. முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். அந்த வருஷம் பானைக்குத் துணி கட்டினது நான். கல்யாணத்துக்கு முன் நான் போட்டிருந்த தாவணியைக் கிழித்து மஞ்சளில் முக்கினேன். அதற்குப் பச்சைக் கரை. மஞ்சளில் எத்தனை முக்கினாலும் அந்தப் பச்சை மட்டும் அடங்கவில்லை. "இருக்கட்டும், அம்மனுக்கு அடையாளம் தெரியட்டும்" என்று அம்மா சிரித்தாள்.

வழக்கம்போலப் பெரியதனக்காரர் பானையை வாங்கிக்கொண்டார். படையல் முடிந்தது. அண்டாவிலிருந்து எங்களுக்கும் வார்த்தார்கள், நான் இரண்டு சொம்பு குடித்தேன். வெங்காயம் கடித்துக்கொண்டு, கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொண்டு குடித்தேன், அவ்வளவு ருசி. நைனாவுக்கு ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து, "பசியோட இருப்பாரு, சீக்கிரம் குடுத்துட்டு வா" என்று அம்மா அனுப்பினாள். உச்சிவெயில். பம்பு ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளித்தான். காவல்காரருக்கு என்னைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். உள்ளே விட்டார்.

கிணற்றடிக்கு நான் அதற்கு முன் போனதில்லை. நைனா விடமாட்டார். அன்றைக்கு அவர் என்னைப் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றார். அந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது. முகத்தில் அறைந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். அவர் வாரியைக் கம்பிக்குள் விட்டு இழுத்தார். நாரும் மயிரும் கந்தலுமாக ஒரு மூட்டை மேலே வந்தது. கட்டிகட்டியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் மஞ்சள். மஞ்சளில் பச்சைக் கரை. கரையில் நான் செருகின வேப்பிலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் குழி உண்டு, இரும்பு மூடி போட்டது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கூழ் அண்டாவுக்குப் போகவேயில்லை. வாசலில் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, பின்பக்கம் கொண்டுபோய் மூடியைத் திறந்து, துணியோடு சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள். மூடியைப் போட்டால் போனது போயிற்று என்று நினைத்த முட்டாள் ஜனங்கள்! அந்தக் குழாய் எங்கே வந்து சேரும், அங்கே யார் நிற்பார் என்று ஒருத்தனுக்காவது தோன்றவில்லை. இத்தனை வருஷமாகத் தங்கள் பீ எங்கே போகிறது என்று யோசிக்காதவர்களுக்குக் கூழ் எங்கே போகிறது என்று மட்டும் எப்படித் தோன்றும்?

குடித்த இரண்டு சொம்பும் எனக்கு மேலே வந்துவிட்டது. அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். சத்தம் கேட்டு நைனா திரும்பினார். அவர் செய்த முதல் காரியம், அந்தத் துணியை வாரியால் தள்ளிக் கந்தலுக்கு அடியில் மறைத்ததுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது அவருக்குப் புதுசில்லை என்று. வருஷா வருஷம் கேட்டு வாங்கி அன்றைக்கு வேலைக்கு நின்றது, கூட வேலை செய்கிறவன் கண்ணில் இது பட்டுவிடக்கூடாது, பட்டால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும் என்பதற்காகத்தான்.

"உனுக்குச் சொரணையே இல்லியா நைனா?" என்று கத்தினேன். "வூட்ல பத்து நாளு பட்டினி கிடந்து காய்ச்சறா. இதுங்க இங்க கொட்டுதுங்கோ, நீ வாரிக்கினு கீறே! நான் போறேன். அந்த அண்டாவ எட்டி ஒதைக்கிறேன் பாரு!"

அவர் கிட்டே வரவில்லை. குளிக்காமல் என்னைத் தொடமாட்டாரே, எட்டியே நின்றார். "போயி?" என்றார்.

"போயி கேக்குறேன்!"

"கேளு. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. உங்கம்மாதான் செத்துடுவா." வாரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "அவுளுக்கு அந்த ஒரு நாளுதான் கீதும்மா," என்றார். "நான் இந்த வேலைக்கு வந்ததால அவ அல்லாத்தையும் வுட்டா. கல்யாணம் காச்சின்னு ஒரு எடம் போவ முடியல. இந்த ஒரு நாளையும் நீ புடுங்கிடாத. என் மேல ஆணையா வாயத் தொறக்காத."

ஆணையிட்டுக் கொடுத்தேன். அவர் போய்க் குளித்துவிட்டு வந்து, தூக்குவாளியைத் திறந்து அந்தக் கூழைக் குடித்தார். அவர்கள் வார்த்த கூழ். கடைசிச் சொட்டுவரை குடித்து, வாளியைக் கழுவிக் கையில் கொடுத்து, "அம்மா கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேலேயே அருவருப்பாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இருந்தது.

நான் மட்டும் ஒழுங்கா? திருவொற்றியூரில் என் மாமியார் வீட்டில், அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டபோது "எஞ்சின்ல வேலை" என்றேன். ரயில் எஞ்சின் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. நைனாவும் அதற்கு ஒத்துப் பாடினார். என்னைப் பார்க்க வரும்போது புது வேட்டி கட்டிக்கொண்டு, கையை இடுப்புத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாங்க என்று நான் ஒருநாள் வற்புறுத்தியதில்லை. தெருக்காரர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் திட்டுவேன்.

அப்புறம் ஏழெட்டு ஆடி இப்படியே போயிற்று. அம்மா காய்ச்சினாள், பெரியதனக்காரர் கும்பிட்டு வாங்கினார், நைனா வாரினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தை மாசம் நைனாவுக்குக் காமாலை கண்டது. பதினைந்து நாள் படுத்தார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனோம், நிற்கவில்லை. கடைசி இரண்டு நாளும் படுத்த படுக்கையாகத் தன் விரலை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்தமாதான் கீது நைனா" என்று நான் அந்த விரல்களை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவே வந்தது. பெரியதனக்காரர் கோயில்காரர்கள் நான்கு பேரோடு வந்து வாசலில் நின்றார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாதே, அதற்காகக் கடையிலிருந்து கோலி சோடா கையோடு வாங்கி வந்திருந்தார்கள். ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். நாட்டில் காங்கிரஸ்காரர்கள் தீண்டாமை, சேவை என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம். அந்தக் காற்று இவர் மேலும் வீசியிருந்தது போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி ஒரு மனுசன் நம்ம ஜனத்துல பொறந்ததில்ல. குடும்பத்துக்கு ஒழைச்சாரு, ஊருக்கும் ஒழைச்சாரு. புண்ணியவான். அவுரு ஞாபகமா நாங்க ஒரு முடிவு பண்ணிக்கிறோம். வருசம் திரும்பினதும் வர்ற ஆடிலேர்ந்து இந்த வூட்டுக் கூழையும் அண்டாவுல ஊத்தறதுன்னு."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ஒன்றுமே புரியாத திகைப்பு. "இன்னாண்ணே புதுசா சொல்றீங்கோ?" என்றாள். "நம்ம வூட்டுக் கூழு வருசா வருசம் அண்டாவுல ஊத்திக்கினுதானே இருந்தீங்கோ? உங்க கையாலதானே வாங்கினு போனீங்கோ?"

சோடா பாட்டிலுக்குள் கோலி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியதனக்காரர் கூட வந்தவர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். இரும்பு மூடி, பச்சைக் கரை, வாரி எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாம். ஆனால் கொட்டினால் அவர்கள் தலை குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், இருபது ஆடியையும் இழந்து நிற்கப்போவது என் அம்மா. நைனா என் வாயைக் கட்டியது இதற்குத்தானே. ஆனால் இவர்களைச் சும்மா விடச்சொல்லி அவர் ஆணை வாங்கவில்லை.

"கேக்குறாங்க இல்ல மாமா, பதில் சொல்லுங்க" என்றேன்.

"ஆமா... ஊத்திக்கினுதான் இருந்தோம்" என்று முனகினார்.

"அப்டி முனகினா எப்டி? அம்மாவுக்குக் காது மந்தம். கோயில்ல கத்துவீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க. உங்க வூட்டுக் கூழத்தான் நாங்க அல்லாரும் குட்ச்சோம்னு சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. விபூதிப் பட்டைக்குக் கீழே முகம் கறுத்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, தப்பிக்க வழியில்லை. "உங்க வூட்டுக் கூழத்தாம்மா குட்ச்சோம்!" என்று உரக்கச் சொன்னார். நான் அடுத்தவனைப் பார்த்தேன். அவனும் சொன்னான். அதற்கடுத்தவன் சொல்லும்போது குரல் உடைந்தது, இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாத ஐந்து பேரும், கையில் சோடா பாட்டிலோடு, ஒருவர் பின் ஒருவராகக் கத்தினார்கள்.

"அதான் நான் சொல்றேனே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், "எனுக்கு இன்னாடி காது மந்தம்?" என்றாள். அவளுக்குப் பாம்புக் காது.